அகச்சிவப்பு நுண்ணோக்கியில் நம்பத்தக்க வேதிப் படம் எடுக்கும் முறை

அகச்சிவப்பு நுண்ணோக்கியின் திரையில் தோன்றும் வண்ணப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பின்னால் ஒரு முழு நிறமாலை இருக்கிறது. அந்த நிறமாலையில் நாம் தேர்ந்தெடுத்த ஒரு பட்டையின் (ஒளி உறிஞ்சப்படுவதைக் காட்டும் மேட்டின்) பரப்போ, இரு பட்டைகளின் விகிதமோ, கணக்கீட்டு முறையொன்று பிரித்துத் தந்த குழு எண்ணோதான் நிறமாக மாறி நமக்குக் காட்டப்படுகிறது. ஆகையால் மாதிரி தடிப்பாக இருந்தாலும், மாதிரி இல்லாமல் எடுக்கும் பின்னணி அளவீட்டில் நீராவி கலந்திருந்தாலும், நிறமாலையின் அடிக்கோடு (பட்டைகள் இல்லாத இடத்தின் மட்டம்) வளைந்திருந்தாலும் படம் அழகாகவே வரும். தவறு மட்டும் வெளியே தெரியாது. திசுச் சீவல், பல அடுக்குப் பாலிமர் படலம், மாத்திரையின் வெட்டுமுகம், வடிதாளில் சேர்ந்த நுண்நெகிழித் துகள்கள் போன்றவற்றை முதன்முறையாக அளக்கப்போகும் ஆய்வு மாணவர்களையும் ஆய்வக உதவியாளர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பொத்தான்களும் மென்பொருள் பட்டியல்களும் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் அவற்றை விடுத்து, எந்தக் கருவியிலும் முடிவைத் தீர்மானிக்கும் செயல்களையே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

கருவிக்குள் நடப்பது

நடு அகச்சிவப்புப் பகுதி, ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையான அலையெண்ணில் சொன்னால், 4000 முதல் 400 செ.மீ⁻¹ வரை, அதாவது 2.5 முதல் 25 மைக்ரான் அலைநீளம் வரை பரவியுள்ளது. மூலக்கூறுகளின் பிணைப்புகள் இப்பகுதியில் தமக்கே உரிய அதிர்வெண்களில் ஒளியை உறிஞ்சுவதால், சாயமேற்றாமலும் அடையாளப் பொருள் எதையும் சேர்க்காமலும் ஓர் இடத்தில் என்ன சேர்மம் இருக்கிறது என்பதை அறிய முடிகிறது. பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது எஃப்.டி.ஐ.ஆர். (ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு) வகைக் கருவியே. இதில் சூடேறிய சிலிக்கன் கார்பைடு தண்டிலிருந்து வரும் கதிர், மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியில் இரண்டாகப் பிரிந்து, நகரும் ஆடியின் வழியே மீண்டும் ஒன்றுசேர்ந்து, மாதிரியைக் கடந்து உணரியை அடைகிறது. உணரியில் பதிவாகும் குறுக்கீட்டு வரைவை ஃபூரியர் உருமாற்றத்தால் நிறமாலையாக்குவது கணினியின் வேலை. சாதாரணக் கண்ணாடி நடு அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், மாதிரியின் மேல் ஒளியைக் குவிப்பதற்கு வில்லைகளுக்கு மாற்றாக காசெக்ரெய்ன் வகை ஆடி இணைகள் பயன்படுகின்றன.

உணரிகளில் மூன்று அமைப்புகளைக் காணலாம். ஒற்றை உணரி கொண்ட கருவி, மாதிரித் தட்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒவ்வொரு புள்ளியாக அளக்கும். வரிசை உணரி ஒரே நேரத்தில் சில புள்ளிகளை அளக்கும். குவியத்தள அணி எனப்படும் மூன்றாவது வகையில் 64×64 அல்லது 128×128 உணரிக் கூறுகள் ஒரே சமயத்தில் இயங்குவதால், ஒரே அளவீட்டில் 4096 அல்லது 16,384 நிறமாலைகள் கிடைக்கின்றன. நுண்ணோக்கியுடன் இத்தகைய அணியை இணைக்கும் முறை 1990களின் நடுப்பகுதியில் நிலைபெற்ற பிறகே, திசுச் சீவல் முழுவதையும் வேதிப் படமாக்கும் வேலை நடைமுறைக்கு வந்தது. மூன்றிலும் பெரும்பாலும் பாதரச-காட்மியம்-டெலுரைடு உணரிதான் இருக்கும். அது திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான 77 கெல்வினில் இயங்கும். குவியத்தள அணிகள் வழக்கமாக 900 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய பகுதிக்குக் கீழே உணர்வை இழந்துவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பாலிஎத்திலீனின் 720, 730 பட்டைகளையோ பாலிஸ்டைரீனின் 700-ஐ ஒட்டிய பட்டையையோ நம்பித் திட்டமிட்ட ஆய்வுக்கு அத்தகைய அணி உதவாது. ஒற்றை உணரியில் நீண்ட எல்லை கொண்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரிதிறனைப் பற்றி முன்னரே கணக்கிடுங்கள்

படப்புள்ளியின் அளவும் பிரிதிறனும் ஒன்றென்று கருதுவதே இத்துறையில் மிகப் பரவலான குழப்பம். உணரி அணியின் படப்புள்ளி மாதிரியின் மேல் 5.5 மைக்ரான் என்றோ, உயர் உருப்பெருக்கத்தில் 1.1 மைக்ரான் என்றோ விழலாம். ஆனால் அருகருகே உள்ள இரு பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஆற்றலை ஒளி அலை வளைந்து பரவும் விளிம்பு விளைவுதான் வரையறுக்கிறது. 0.61 என்ற எண்ணை அலைநீளத்தால் பெருக்கி, ஆடியமைப்பு எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதைக் காட்டும் நியூமரிக்கல் அபெர்ச்சர் எனப்படும் எண்ணால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். அவ்வெண் 0.5 எனக் கொண்டால், 3000 செ.மீ⁻¹-இல் எல்லை ஏறத்தாழ 4 மைக்ரான், 1000 செ.மீ⁻¹-இல் அது 12 மைக்ரானைத் தாண்டுகிறது. ஒரே அளவீட்டிலிருந்து உருவாக்கிய இரண்டு படங்களில், சி-எச் பிணைப்பின் படம் கூர்மையாகவும் கார்போஹைட்ரேட்டின் படம் மங்கலாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்த மங்கலை வேதிப்பொருள் பரவியதன் அறிகுறியாக விளக்கி எழுதுவது பிழையாகும்.

ஆகவே அளவீட்டுக்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: நான் காண விரும்பும் மிகச் சிறிய கூறு எத்தனை மைக்ரான், அதை எந்தப் பட்டையால் அடையாளம் காணப்போகிறேன்? 3 மைக்ரான் தடிமனுள்ள ஒட்டுப் பசை அடுக்கை 1100 செ.மீ⁻¹ பட்டையால், மாதிரியைக் கடந்து வரும் ஒளியை அளக்கும் ஊடுருவல் முறையில் தனியே காண முடியாது. அங்கே வரும் நிறமாலையில் இரு புறத்து அடுக்குகளும் கட்டாயம் கலந்திருக்கும். அத்தகைய வேலைக்கு, கீழே விளக்கவிருக்கும் ஜெர்மானியம் ஏ.டி.ஆர். முறையையோ வேறு தொழில்நுட்பத்தையோ நாட வேண்டும். புள்ளி புள்ளியாக அளக்கும் கருவியில், நகர்வின் இடைவெளி எதிர்பார்க்கும் பிரிதிறனில் பாதிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அதைவிட மிகச் சிறிய இடைவெளி புதிய தகவல் எதையும் தராது, அளவீட்டு நேரத்தை மட்டும் கூட்டும்.

மாதிரியைத் தயாரித்தல்

வெற்றியோ தோல்வியோ பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஊடுருவல் முறைக்கு மாதிரி மெல்லியதாக இருக்க வேண்டும்: திசுவுக்கு 5 முதல் 10 மைக்ரான், பாலிமருக்கு 10 முதல் 20 மைக்ரான் பொருத்தமான அளவுகள். உறிஞ்சுதிறன் 1 என்றால் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மறுபுறம் வருகிறது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு. நீங்கள் கணக்கில் எடுக்கும் பட்டைகளின் உச்சி ஏறத்தாழ 0.2-க்கும் 1-க்கும் இடையில் இருக்குமாறு தடிமனைத் தேர்ந்தெடுங்கள். பட்டையின் தலை தட்டையாகி, அதன்மேல் இரைச்சல் ஏறியிருந்தால் மாதிரி தடிப்பானது என்று பொருள். அதைக் கணக்கீட்டால் சரிசெய்ய வழி கிடையாது. மீண்டும் வெட்டுவதே வழி.

பாலிமர் படலத்தை எபாக்சி போன்ற பிசினில் பதித்து மைக்ரோடோம் என்னும் நுண்சீவல் வெட்டியால் குறுக்காக வெட்டலாம். பிசினின் நிறமாலையைத் தனியே அளந்து வைத்துக்கொண்டால், அது மாதிரிக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதைப் பின்னர் அறியலாம். மென்மையான மாதிரியை வைர அழுத்துகலத்தில் நசுக்கி மெல்லியதாக்கலாம். வைரம் 1800 முதல் 2600 செ.மீ⁻¹ வரை தானே உறிஞ்சும் என்பதை மறக்கக் கூடாது. நசுக்கிய பிறகு ஒரு வைரத் தகட்டை நீக்கிவிட்டு அளப்பது சிறந்தது, ஏனெனில் இணையான இரு பரப்புகளுக்கு இடையே ஒளி முன்னும் பின்னும் எதிரொளித்து, அடிக்கோட்டில் சைன் அலை போன்ற குறுக்கீட்டு வரிகளை உண்டாக்கும். மெல்லிய படலங்களிலும் இது நேரும். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட 20 மைக்ரான் படலத்தில் அவ்வரிகள் ஏறத்தாழ 167 செ.மீ⁻¹ இடைவெளியில் வரும். அந்த அகலம் உண்மையான பட்டைகளோடு எளிதில் கலந்துவிடக்கூடியது. படலத்தின் ஒரு பரப்பை இலேசாகச் சொரசொரப்பாக்கினால் வரிகள் தணியும்.

திசுவில் கவனிக்க வேண்டியவை வேறு. பாரஃபினில் பதித்த சீவலில் 2920, 2850, 1462 செ.மீ⁻¹ பட்டைகள் மெழுகுடையவை. சைலீனால் மெழுகை நீக்கும்போது திசுவின் கொழுப்பும் பெரும்பாலும் கரைந்து போய்விடும். கொழுப்பைப் பற்றிய ஆய்வென்றால் உறைநிலைச் சீவலே ஏற்றது. உறைநிலையில் வெட்டுவதற்காகச் சுற்றிலும் ஊற்றப்படும் ஓ.சி.டி. கலவையில் பாலிவினைல் ஆல்கஹாலும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் உள்ளன. அவை சீவலின் மேல் பரவினால் 1100 செ.மீ⁻¹-ஐ ஒட்டிய பகுதி பயனற்றதாகிவிடும். திசுவை அடிப்பக்கம் மட்டும் ஒட்டவைக்கும் அளவுக்கு அதைப் பயன்படுத்தி, கத்தி செல்லும் பகுதியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயமேற்றிய ஒப்பீடு தேவைப்பட்டால், அளக்கும் சீவலில் சாயத்தைப் போடாமல் அதை அடுத்த சீவலை அதற்கென ஒதுக்குவது நலம்.

மாதிரியைத் தாங்கும் தகடும் அளவீட்டின் பகுதியே. கால்சியம் ஃபுளோரைடு நீரில் கரையாது, ஆனால் 1000 செ.மீ⁻¹-ஐ ஒட்டி ஒளியைத் தடுக்கத் தொடங்கும். பேரியம் ஃபுளோரைடு 800 செ.மீ⁻¹ வரை வழிவிடும். ஆனால் அது நீரில் சிறிது கரையும், நச்சுத்தன்மையும் உடையது, திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். பொட்டாசியம் புரோமைடு 400 செ.மீ⁻¹ வரை தெளிவாக இருந்தாலும் காற்றின் ஈரத்தை இழுத்து மங்கிப்போகும். நுண்நெகிழித் துகள்களுக்குப் பயன்படும் அலுமினியம் ஆக்சைடு வடிதாள் 1250 செ.மீ⁻¹-க்குக் கீழே ஒளியை விடாது என்பதால், அந்த எல்லைக்கு மேலுள்ள பட்டைகளை வைத்தே பாலிமரை அடையாளம் காண வேண்டியிருக்கும். சிலிக்கன் வடிதாள் இதைவிட அகன்ற பகுதியைத் திறந்துவிடும்.

தூய்மையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் கையுறைகள் பலவற்றின் மேல், அச்சிலிருந்து எளிதில் கழலுவதற்காகப் பூசப்பட்ட ஸ்டியரேட் உப்புகள் இருக்கும். அவை தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, 2915, 2848, 1470 செ.மீ⁻¹ பட்டைகளால் பாலிஎத்திலீனைப் போலவே தோன்றும். 1580 முதல் 1540 செ.மீ⁻¹ வரையிலான பகுதியில் கார்பாக்சிலேட்டுப் பட்டை இருக்கிறதா என்று பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்தலாம். 1260, 1100-1020, 800 செ.மீ⁻¹ பட்டைகள் எதிர்பாராத இடத்தில் சேர்ந்து தென்பட்டால் சிலிக்கோன் எண்ணெயோ மசகோ படிந்திருக்கக்கூடும். மாதிரிக்குச் செய்த அத்தனை செயல்களையும் மாதிரி இல்லாத ஒரு வெற்றுத் தகட்டுக்கும் செய்து அளப்பது, இத்தகைய அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்த முறையில் அளப்பது

மெல்லியதாக வெட்ட முடிந்த மாதிரிக்கு ஊடுருவல் முறையையே முதல் தேர்வாகக் கொள்ளுங்கள். உறிஞ்சுதிறனுக்கும் செறிவுக்கும் உள்ள தொடர்பு இதில்தான் மிக எளிமையாக நிற்கும்.

அகச்சிவப்பை எதிரொளிக்கும் பூச்சுள்ள கண்ணாடி ஸ்லைடில் சீவலை வைத்து, ஒளி உள்ளே சென்று திரும்பி வருவதை அளக்கும் முறை மலிவானது, வசதியானது. ஆனால் எதிரொளிக்கும் பரப்பின் மேல் ஒளியின் மின்புலம் நிலை அலையாக நிற்பதால், சீவலின் தடிமன் சிறிது மாறினாலும் பட்டைகளின் உயர விகிதமே மாறிவிடும். உயிர்வேதி வேறுபாட்டைப் போல அது மயக்கும். நோயுற்ற திசுவையும் நலமான திசுவையும் வகைப்படுத்தும் ஆய்வுகளுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த, பளபளப்பான மாதிரியின் பரப்பிலிருந்து நேரடியாக எதிரொளிப்பை அளக்கும்போது பட்டைகள் வகைக்கெழு வடிவில் திரிந்து வரும்; எதிரொளிப்பிலிருந்து உறிஞ்சலைக் கணக்கிடும் கிராமர்ஸ்-குரோனிக் உருமாற்றத்துக்குப் பிறகே அவற்றை நூலகத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஏ.டி.ஆர். முறையில், ஜெர்மானியப் படிகத்தின் முனை மாதிரியைத் தொடுகிறது. படிகத்துக்குள் முழு அக எதிரொளிப்பு அடையும் ஒளியின் ஒரு சிறு பகுதி மட்டும் மாதிரிக்குள் எட்டிப் பார்க்கிறது. ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட பாலிமரில், 45 பாகைக் கோணத்தில், 1000 செ.மீ⁻¹-க்கு அந்த ஆழம் ஏறத்தாழ 0.66 மைக்ரான்தான். ஆகையால் மெல்லியதாக வெட்ட வேண்டிய தேவை இல்லை, குறுக்கீட்டு வரிகளும் வாரா. ஜெர்மானியத்தின் ஒளிவிலகல் எண் 4 என்பதால் ஒளி அதற்குள் நான்கில் ஒரு பங்கு அலைநீளத்துடன் செல்கிறது. பிரிதிறனும் அதற்கேற்ப உயர்கிறது. இதற்கு ஈடாக நாம் ஏற்க வேண்டிய கட்டுப்பாடுகளும் உள்ளன. பரப்பு வழவழப்பாகத் தேய்க்கப்பட்டிருக்க வேண்டும். தொடுகை முழுமையாக இல்லாத இடங்களில் பட்டைகள் சிறுத்துவிடும். ஜெர்மானியம் எளிதில் உடையும், மணலும் கண்ணாடித் துணுக்கும் அதைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதன் வழியே செல்லாததால், படிகத்தை இறக்குவதற்கு முன்பே இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொடுகைக்குப் பின்னும் ஐசோபுரொப்பனாலில் நனைத்த மெல்லிய தாளால் முனையைத் துடைத்து, வெற்றுப் படிகத்தை அளந்து, முந்தைய மாதிரியின் எச்சம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்த இடத்துக்குச் செல்லுங்கள். ஊடுருவும் ஆழம் அலைநீளத்தோடு கூடுவதால், ஏ.டி.ஆர். நிறமாலையில் குறைந்த அலையெண் பட்டைகள் பெரிதாகத் தெரியும். ஊடுருவல் முறையில் தொகுத்த நூலகத்தோடு ஒப்பிடும் முன் அதற்கான திருத்தத்தைச் செய்ய வேண்டும்.

அளவீட்டு நாளின் தொடக்கம்

திரவ நைட்ரஜனை நிரப்பும்போது முகக்கவசமும் குளிர்தாங்கும் கையுறையும் கட்டாயம். ஆவியாகும்போது அது ஏறத்தாழ 700 மடங்கு விரிந்து அறையின் ஆக்சிஜனை விலக்கிவிடும் என்பதால், காற்றோட்டம் இல்லாத சிறிய அறையில் தனியாக நிரப்பக் கூடாது. நிரப்பிய பிறகு உணரியின் வெப்பநிலை நிலைபெற அரைமணி நேரமாவது விடுங்கள். மாதிரி இல்லாத ஒற்றைக் கதிர் நிறமாலையில் (பின்னணியால் வகுக்காமல் உணரி நேரடியாகப் பெற்ற நிறமாலை) 3250 செ.மீ⁻¹-ஐ ஒட்டி ஓர் அகன்ற பள்ளம் வாரத்துக்கு வாரம் ஆழமாகிக்கொண்டே போனால், உணரிக் கலத்தின் வெற்றிடம் குறைந்து உள்ளே பனி படிகிறது என்று அறியலாம்.

உலர் காற்றாலோ நைட்ரஜனாலோ கருவியின் ஒளிப்பாதையையும், மாதிரித் தட்டைச் சூழ்ந்த பெட்டியையும் தொடர்ந்து நிரப்பி வைக்க வேண்டும். பாலிஸ்டைரீன் படலத்தை அளந்து அதன் 1601 செ.மீ⁻¹ பட்டை தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கூர்மையான உலோக விளிம்பையோ, யு.எஸ்.ஏ.எஃப். 1951 வகைக் கோட்டுப் பலகையையோ மாதந்தோறும் படமெடுத்து வைத்தால், ஒளியியல் அமைப்பு சற்றே விலகினாலும் தெரிந்துவிடும்.

குவியத்தைப் பற்றி: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மேற்புற ஆடியமைப்பைக் குவித்தால் மட்டும் போதாது. தகட்டின் தடிமன் ஒளியை விலக்குவதால், கீழ்ப்புற ஒளிகுவிப்பியையும் அதே தகட்டின் வழியே குவித்து, உணரிக்கு வரும் குறிப்பலை உச்சம் அடையும் நிலையில் நிறுத்த வேண்டும். ஆடியமைப்பில் திருத்த வளையம் இருந்தால், அதைத் தகட்டின் தடிமனுக்கு ஏற்பத் திருப்புங்கள்.

பின்னணியும் அளவீட்டு அமைவுகளும்

பின்னணி அளவீடு, மாதிரி வைக்கப்பட்டுள்ள அதே தகட்டின் வெறுமையான, தூய்மையான பகுதியில், அதே குவியத்திலும் அதே அமைவுகளிலும் எடுக்கப்பட வேண்டும். அப்பகுதியில் ஒரு தூசு இருந்தாலும், குவியத்தள அணியில் அது ஒவ்வொரு மாதிரிப் படத்திலும் எதிர்மறைப் பட்டைகளாக ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரும். பல சட்டங்களை ஒட்டி உருவாக்கிய பெரிய படத்தில், ஒரே அளவுத் தொலைவில் திரும்பத் திரும்பத் தோன்றும் புள்ளியைக் கண்டால் முதலில் பின்னணியை ஐயப்படுங்கள். நீண்ட அளவீடுகளில் ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை பின்னணியைப் புதுப்பிப்பது நல்லது. 2349 செ.மீ⁻¹-இல் கார்பன் டைஆக்சைடும், 1900 முதல் 1300 வரை ஊசி ஊசியாக நீராவியும் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பதைப் பார்த்தால், ஒளிப்பாதையின் காற்று நிலையாக இருந்ததா என்று தெரியும். புரதத்தின் அமைடு பட்டைகள் அதே பகுதியில் விழுவதால், திசு ஆய்வில் நீராவியைப் பொறுத்துக்கொள்ள இடமே இல்லை.

திண்ம மாதிரிகளின் பட்டைகள் பொதுவாக 10 முதல் 20 செ.மீ⁻¹ அகலம் உள்ளவை. ஆகவே 8 செ.மீ⁻¹ நிறமாலைப் பிரிதிறன் பெரும்பாலான படமெடுப்புக்குப் போதும். படிக வடிவங்களை வேறுபடுத்த வேண்டுமானால் 4 செ.மீ⁻¹ தேவைப்படும். அளவீட்டை எத்தனை முறை திரும்ப எடுத்துச் சராசரி காண்கிறோமோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே இரைச்சல் குறையும். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் செலவாகும். எனவே எண்ணிக்கையைக் கண்மூடிக் கூட்டாமல், மாதிரியின் ஒரு சிறு பகுதியை முதலில் அளந்து, நீங்கள் தேடும் மிகப் பலவீனமான பட்டை இரைச்சலுக்கு மேலே தெளிவாக நிற்கும் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். குறுக்கீட்டு வரைவின் நடு உச்சி உணரியின் எல்லையைத் தொட்டு வெட்டுப்படாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உணரி பதிலளிக்கவே இயலாத அலையெண்களில் ஒற்றைக் கதிர் நிறமாலை சுழியத்துக்கு மேலே நின்றால், உணரி நேர்விகிதத்தில் இயங்கவில்லை. ஒளியைக் குறைக்க வேண்டும்.

தரவைப் படமாக்குதல்

128×128 அணி ஒரு சட்டத்துக்கு 4 செ.மீ⁻¹ பிரிதிறனில் தரும் தரவு ஏறத்தாழ 100 மெகாபைட் அளவுக்கு வரும். பெரிய மாதிரிக்குச் சட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேரும்போது கணினியின் நினைவகம் திணறும். எனவே தேவையற்ற அலையெண் பகுதிகளைப் பகுப்பாய்வுப் படியிலிருந்து வெட்டிவிடலாம், மூலத் தரவிலிருந்து ஒருபோதும் வெட்டக் கூடாது.

முதல் படியாக, திருத்தம் எதுவும் செய்யாத நிலையில், படத்தின் பல இடங்களிலிருந்து நிறமாலைகளை எடுத்துக் கண்ணால் பாருங்கள். மாதிரி இல்லாத இடங்களையும், உறிஞ்சுதிறன் எல்லை மீறிய இடங்களையும், இரைச்சல் மிகுந்த இடங்களையும் வரம்பு வைத்து விலக்குங்கள். அடுத்தது சிதறல். உயிரணுக்களும் அவற்றின் கருக்களும் அகச்சிவப்பு அலைநீளத்தை ஒத்த அளவுள்ளவை என்பதால் மீ சிதறலை உண்டாக்குகின்றன. அடிக்கோடு நீண்ட அலையாக ஏறி இறங்குவதோடு, 1650 செ.மீ⁻¹-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அமைடு-1 பட்டை குறைந்த அலையெண் பக்கம் நகர்ந்தும் விடுகிறது. புரதத்தின் மடிப்பு அமைப்பு மாறியதாக இதை விளக்கிவிடும் ஆபத்து உண்டு. நேர்கோட்டு அடிக்கோட்டுத் திருத்தம் இங்கே போதாது. ஒத்ததிர்வு மீ சிதறலுக்கென உருவாக்கப்பட்ட விரிவாக்கப் பெருக்கல் குறிப்பலைத் திருத்தத்தைப் பயன்படுத்த வேண்டும். அத்திருத்தம் தொடக்க ஒப்பீட்டு நிறமாலையை நோக்கி விடையை இழுக்கக்கூடும் என்பதால், வேறொரு ஒப்பீட்டு நிறமாலையுடனும் ஒருமுறை இயக்கி, முடிவு மாறுகிறதா என்று சோதிப்பது முறை.

ஒரே பட்டையின் படத்தை உருவாக்கும்போது, அதன் இரு பக்கமும் அடிக்கோட்டுப் புள்ளிகளை வைத்து அதற்கு மேலுள்ள பரப்பை மட்டும் கணக்கிடுங்கள். தடிமன் இடத்துக்கு இடம் மாறினால் விகிதமே நம்பகமானது. கொழுப்பின் 1740 பட்டையை அமைடு-1 பட்டையால் வகுப்பது வழக்கமான எடுத்துக்காட்டு. வகுக்கும் பட்டை மிகச் சிறியதாக உள்ள விளிம்புகளில் விகிதம் தாறுமாறாகப் பெருகி, பளிச்சென்ற நிறத்தில் கண்ணை ஈர்க்கும். அவ்விடங்களை முன்பே மறைத்துவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படியும் பட்டைகளைப் பிரிக்க சாவிட்ஸ்கி-கோலே என்னும் மென்மையாக்கும் முறையில் கணக்கிட்ட இரண்டாம் வகைக்கெழு உதவும். அது இரைச்சலையும் நீராவியின் ஊசிகளையும் பெருக்கிக் காட்டும் என்பதால், முன் சொன்ன உலர்காற்று ஏற்பாடு சரியாக இருந்தால் மட்டுமே பயன்படும்.

கே-மீன்ஸ் போன்ற குழுப்படுத்தும் முறைகளும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வும், முன்கூட்டியே பட்டையைத் தேர்ந்தெடுக்காமல் முழு நிறமாலையையும் கருத்தில் கொள்கின்றன. குழுக்களின் எண்ணிக்கையை நாம்தான் சொல்கிறோம் என்பதால், ஐந்து கேட்டால் ஐந்து நிறம் வரும். ஐந்து பொருள்கள் இருப்பதாக அது பொருள்படாது. ஒவ்வொரு குழுவின் சராசரி நிறமாலையையும் வரைந்து, மற்றொரு குழுவிலிருந்து அது எந்தப் பட்டையில் வேறுபடுகிறது என்று சொற்களால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வேறுபாடு பெரும்பாலும் தடிமனாகவோ சிதறலாகவோதான் இருக்கும். நூலகத் தேடல் தரும் பொருத்த மதிப்பெண்ணையும் இவ்வாறே கையாள வேண்டும்: நைலானும் புரதமும் 3300, 1640, 1545 செ.மீ⁻¹ பகுதிகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கூர்மையான 2930, 2860 பட்டைகள் உள்ளனவா என்று நேரில் பார்க்காமல் ஒரு துகளை நைலான் என்று பதிவு செய்யக் கூடாது.

விளிம்பு விளைவின் எல்லை உங்கள் கேள்விக்கு இடம் தராவிட்டால் வேறு கருவிகள் உண்டு. குவாண்டம் கேஸ்கேட் லேசர் நுண்ணோக்கி சில அலையெண்களை மட்டும் தேர்ந்து மிக விரைவாகப் படமெடுக்கும். ஆனால் லேசரின் ஒழுங்கு காரணமாகப் புள்ளிப்புள்ளியான குறுக்கீடு படத்தில் ஏறலாம், அலையெண் எல்லையும் குறுகியது. ஒளிவெப்ப முறை, மாதிரி அகச்சிவப்பை உறிஞ்சிச் சூடாவதைக் கண்ணுக்குத் தெரியும் லேசரால் உணர்வதால், ஒரு மைக்ரானுக்கும் குறைவான பிரிதிறனை மாதிரியைத் தொடாமலேயே தரும். அணுவிசை நுண்ணோக்கியின் முனையால் அதே வெப்ப விரிவை உணரும் முறை நானோமீட்டர் அளவை எட்டும். பரந்த பரப்பை அளக்க அது ஏற்றதன்று.

முடிவில் சேமிக்க வேண்டியவை: குறுக்கீட்டு வரைவுகள், பின்னணியின் ஒற்றைக் கதிர் நிறமாலை, திருத்தப்படாத தரவுக் கோப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம் ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்க வேண்டும். தகட்டின் வகையும் தடிமனும், பிரிதிறன், அளவீட்டு எண்ணிக்கை, செய்த திருத்தங்களின் வரிசை, அவற்றின் அளவுருக்கள் ஆகியவற்றை உடன் எழுதி வையுங்கள். கட்டுரையிலோ அறிக்கையிலோ வண்ணப் படத்தை வெளியிடும்போது, அதில் குறிப்பிட்ட இரண்டு மூன்று புள்ளிகளின் நிறமாலைகளையும், நிற அளவுகோலின் இரு முனை எண்களையும், எந்தப் பட்டையை எந்த அடிக்கோட்டுக்கு மேல் கணக்கிட்டீர்கள் என்பதையும் படத்தின் அடியிலேயே தாருங்கள்.